நாடாவின் இன்னொரு முனை

கட்டித்தான் போட்டாள். இல்லை என்று யார் சொன்னது? கை நீட்டி அடித்ததும் உண்மை. பட்டப்பகலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனதும் உண்மை. எதிர்வீட்டு அம்மாளுக்கு ரேடியோ என்று தெருவே பெயர் வைத்திருக்கிறது; அந்த ரேடியோ ஒலிபரப்பியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் சன்னல் வழியாகப் பார்ப்பவளுக்கு நாடாவின் ஒரு முனைதான் தெரியும். அது கிழவரின் மணிக்கட்டில் இருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் மறுமுனையும் தெரிந்திருக்கும். அது கட்டிப்போட்ட தையல்காரியின் இடது மணிக்கட்டில் இருந்தது. அவர் எழுந்தால் அவளும் எழவேண்டும். அவர் விழுந்தால் அவளும் விழவேண்டும். இதில் யார் யாரைக் கட்டிப்போட்டார்கள் என்று ரேடியோதான் சொல்லட்டும்.

கிழவர் அவளுக்கு மாமனார். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே லெவல் கிராசிங். ரயில் வருகிறதென்றால் கேட்டை இறக்கவேண்டும், போனதும் ஏற்றவேண்டும். கேட்க இவ்வளவுதான். ஒருநாள் கண் அசந்தால் எத்தனை பேர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு கேட்டைப் பிடுங்கிவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். அப்புறம் மனைவி போனாள். அப்புறம் மறதி நோய் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. மகன் முகம் போனது. சாப்பிட்டோமா இல்லையா என்பது போனது. கழிப்பறை எந்தப் பக்கம் என்பது போனது. ரயிலின் ஹாரனை மட்டும் அந்தப் பாழாய்ப்போன நோய் தொடவில்லை.

வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டே தெரு. தண்டவாளத்தை ஒட்டிய மதிலும் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. மகனோ லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வெளியூர். வீட்டில் இருந்தது அவளும், தையல் மெஷினும், எந்த நேரமும் வரக்கூடிய அந்தச் சத்தமும். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். தூரத்தில் ஹாரன் கேட்கும். மெஷினை நிறுத்துவாள். கிழவர் எழுந்துவிடுவார்.

"கேட்டே இல்ல மாமா. எப்பவோ எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? அப்ப ஜனம் எப்படிம்மா கிராஸ் பண்ணும்? உனக்கு விளையாட்டா இருக்கா?"

கதவைப் பூட்டிப் பார்த்தாள். நெற்றியால் முட்டினார், ரத்தம் வந்தது. கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில்தான் நாடா. பாவாடையில் கோர்க்கும் சாதாரண வெள்ளை நாடா. மெஷினில் கை ஓடும் அளவுக்கு நீளம் விட்டு முடிச்சுப் போட்டாள். தூங்கும்போதும் அதுதான். தூக்கம் என்று சொல்கிறோமே தவிர, நாடா அசைந்ததா அசையவில்லையா என்று காவல் காப்பதற்குப் பெயர் தூக்கமா?

உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்! சீருடைகளை அவசரமாகக் கேட்டிருந்தார்கள். ஒரு மாலை நேரம் மெஷின் மேல் தலை சாய்ந்துவிட்டது. ஏதோ இழுத்ததால் அவள் விழிக்கவில்லை. எதுவும் இழுக்காததால்தான் விழித்தாள். நாடா அவள் கையிலிருந்து தொங்கியது. அதன் நுனி வெகு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் மேசை மேல் மூடி வைத்திருந்தது. துணிக் குவியலில் இருந்த சிவப்பு லைனிங் துணியைக் காணோம். கதவு திறந்திருந்தது. ஹாரன் கேட்டது.

செருப்பில்லாமல் ஓடினாள். "எங்கடி இந்த ஓட்டம்?" என்று ரேடியோ கேட்டது காதில் விழவில்லை. இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, கிழவர் சிவப்புத் துணியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். ரயில் அலறிக்கொண்டு வந்தது. அவள் கத்தினாள், அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போகும்வரை அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது, காற்றில் வேட்டி படபடக்க, அவர் அப்படியே நின்றிருந்தார்.

"கேட்டு தொறந்து கிடக்கும்மா. ஸ்கூல் விடற நேரம். டூட்டில ஒருத்தன்கூட இல்ல" என்றார்.

இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வைத்து அது நடந்தது. கை எப்போது எழுந்தது, எப்போது அவர் கன்னத்தில் விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. ரேடியோவுக்குத் தெரியும். கிழவர் அழவில்லை, திட்டவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே காலைச் சேர்த்து நின்றார். "மன்னிச்சிடுங்க சார். இனிமே லேட் ஆகாது சார்" என்றார். தன் மேலதிகாரி என்று நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவளுடைய பயம் இடம் மாறியது. ரயிலுக்காவது ஹாரன் இருக்கிறது. அவளுடைய கைக்கு ஒன்றும் இல்லையே. அவருக்குச் சோறு ஊட்டும்போது, சட்டை மாட்டும்போது, தன் வலது கையைவிட்டு அவள் கண்ணை எடுக்கமாட்டாள்.

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் கிழவரின் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு இவளுடையதைப் பார்த்தாள். இவளுடையதில்தான் தோல் அதிகம் உரிந்திருந்தது.

"ராத்திரி தூங்கறியா?"

"தூங்கறேன் சிஸ்டர்."

"பொய் சொன்னாலும் கண்ணைத் தொடச்சிட்டுச் சொல்லு. சனிக்கிழமை மாடிக்கு வா. வீட்ல ஆளைப் பாத்துக்கறவங்களுக்கு ஒரு வகுப்பு நடக்குது. நோயாளிக்கு அங்க இடம் கிடையாது. உங்க மாமாவைக் கீழ நாங்க பாத்துக்கறோம்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. பார்த்துக்கொள்வதற்குக்கூட ஒரு பள்ளிக்கூடமா? பயமும் வந்தது. வாயைத் திறந்தால் அவரை அடித்தது வெளியே வந்துவிடும். கிழவரைப் பிடுங்கிக்கொண்டு இவளைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டால்? இருந்தும் போனாள். ஓடுவதற்கு வசதியாகக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

அன்று ஒரு பேங்க் அதிகாரி பேசினார். இஸ்திரி கலையாத சட்டை. "என் மனைவியைக் குளியலறையில வெச்சுப் பூட்டிட்டேன். பூட்டிட்டு வெளிய உக்காந்து அழுதேன்" என்றார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. யாரும் அவரை முறைக்கவில்லை. வகுப்பெடுத்த டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். அப்போதுதான் தையல்காரி வாயைத் திறந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"கை எழும்பற மாதிரி இருந்தா, அவரைப் பத்திரமா உக்கார வெச்சிட்டு நீங்க அடுத்த அறைக்குப் போயிடுங்க. தண்ணி குடிங்க. அது ஓடிப்போறது இல்ல" என்றாள் டீச்சர். அப்புறம் ஒன்று கேட்டாள். "கேட்டு இல்லன்னு அவர்கிட்ட வாதாடாதீங்க. டூட்டி முடிஞ்சு அந்தக் காலத்துல அவர் எப்படி வீட்டுக்கு வருவார்?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை. போனில் கணவனைக் கேட்டாள். லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் சொன்னான்: "ரிலீவர் வரணும். அடுத்த டூட்டி ஆளு. அவன் வந்து 'சார்ஜ் எடுத்துக்கிட்டேன்'னு வாயால சொல்லணும். அது வரைக்கும் அப்பா நகரமாட்டார். ஒரு தடவை அந்த ஆளு வரலன்னு, வீட்ல எனக்குக் காய்ச்சல்னு சொல்லியனுப்பியும் அப்பா வரல."

அடுத்த ஹாரனுக்கு அவள் முந்திக்கொண்டாள். கையில் சிவப்புத் துணி, டார்ச் லைட். அவர் முன்னால் நின்றாள். "கேட்டு சாத்தியாச்சு சார். சார்ஜ் எடுத்துக்கிட்டேன். நீங்க போய் சாப்பிடுங்க."

அவர் மேலும் கீழும் பார்த்தார். "விளக்கு எரியுதா?"

டார்ச்சை எரிய விட்டாள்.

"சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

எல்லா நாளும் இது பலித்தது என்று நினைத்துவிடவேண்டாம். சில நாள், "நீ யாரு? நம்ம ஆளு இல்லையே" என்று தள்ளிவிட்டுக் கதவுக்குப் போனார். அதனால் நாடா அவிழவில்லை. தூக்கமும் வரவில்லை. ஒருநாள் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கி நின்றது. வலி தெரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டுப் போட்ட விரலைப் பார்த்ததும் டீச்சர் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள்.

"எங்கேயாவது போய் நாலு நாள் தூங்குங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் அனுப்பறோம். வீட்டோட இருந்து பாத்துக்குவார்."

"நான் போன நேரம் பாத்து ஏதாவது ஆயிட்டா?"

"நீங்க இருக்கும்போதுதானே தண்டவாளம் வரைக்கும் போனார்?"

சரி என்று தலையாட்டினாள். பயம் மட்டும் போகவில்லை.

வந்த ஆள் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தான். ஒட்டடைக்குச்சி என்று கிழவரே பெயர் வைத்தார். அவள் ஊருக்குப் போவதற்கு முன் கிழவரோடு பழகிக்கொள்ள மாலைதோறும் வந்தான். எதற்கெடுத்தாலும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை மிரட்டியது. பெற்ற தகப்பனைப்போல் பார்த்தவளுக்கே கை ஓங்கியதே, சம்பளத்துக்கு வருகிறவனுக்கு ஓங்காதா? அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் அதைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள் சிரிக்காமல் சொன்னான்: "அக்கா, எங்க அம்மாவை நான்தான் பாத்துக்கிட்டேன். நானும் அடிச்சிருக்கேன்." அதைக் கேட்டுப் பயம் கூடியதா குறைந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி பெட்டியை எடுத்துத் துடைத்தாள்.

வெளியூரில் அவளுக்கு ஓர் அக்கா உண்டு. "வா, வந்து படு. சமைக்கக்கூட வேணாம்" என்று சொல்லியிருந்தாள்.

புறப்படும் நாள். பெட்டி வாசலுக்குப் போவதும் உள்ளே திரும்பி வருவதுமாக இருந்தது. மாத்திரை எங்கே, துண்டு எங்கே, எந்தத் தட்டில் போட்டால் சாப்பிடுவார் என்று சொன்னதையே சொன்னாள்.

"அக்கா, நீங்க போறதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மெண்ட் வந்துடும்" என்றான் ஒட்டடைக்குச்சி.

கிழவர் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருப்பா நீ?"

"ரிலீவர் சார்."

கிழவர் அவளைப் பார்த்தார். கண்ணைச் சுற்றியிருந்த கருவளையம், விரல் கட்டு, மணிக்கட்டுத் தழும்பு எல்லாவற்றிலும் அவர் பார்வை நின்று நின்று போனது.

"எப்பலேர்ந்து டூட்டில இருக்க?"

"தெரியல மாமா."

"மூஞ்சைப் பாத்தா தெரியலையா? டூட்டில தூங்குனா உயிர் போகும்மா. உன் உயிர் இல்ல, அடுத்தவன் உயிர். ஆளு வந்தாச்சுல்ல? சார்ஜ் குடுத்துட்டுக் கிளம்பு."

அவர் தெரிந்து சொன்னாரா, யாரோ என்று நினைத்துச் சொன்னாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் சிவப்புத் துணியைக் கொடுத்தாள். டார்ச்சைக் கொடுத்தாள். கடைசியில் மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து நாடாவையும் கொடுத்தாள். அவன் அதை யார் கையிலும் கட்டவில்லை. சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றான்.

அவள் பெட்டியைத் தூக்கினாள். எதிர்ச் சன்னலில் ரேடியோ இருந்தது.

"எங்க கிளம்பிட்ட, பெட்டியோட?"

"தூங்கப் போறேன் அக்கா."

தெருமுனை வருவதற்குள் ஹாரன் அடித்தது. இடது கை தானாக விறைத்தது. எதுவும் இழுக்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே, இழுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பயம் என்று. திரும்பிப் பார்க்காமல் போனாள் என்றால் அது பொய். நின்றாள், பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே எதுவும் முட்டும் சத்தம் இல்லை. ரயில் கடந்து போய் ஓசை அடங்கும்வரை நின்றாள். கதவு திறக்கவில்லை. பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.