பசுவுக்கு வைத்த பொங்கல்

கிருத்திகைக்குக் கோயில் மலை ஏறிவந்த கர்வத்தில், அன்னதானத்தில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை, கே.ஜி.கண்டிகை ஊர் டீக்கடை வள்ளியம்மாவின் பசுவுக்கு ஒரு குண்டான் நிறைய வைத்தேன். "வேணாங்க, வைக்கோலு போதும்" என்று அவள் கெஞ்சினாள். "வைக்கோல்ல என்னம்மா சத்து இருக்கு? பிரசாதத்தையா தடுக்கிற?" என்று அதட்டினேன்.

மறுநாள் டீ குடிக்கப் போனால், அவளுடைய ஒரே கறவை வயிறு உப்பிக் கிடந்தது. வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டிருந்த மாட்டு டாக்டர் சீறினார்: "வைக்கோல சத்தா மாத்துறது மாடு இல்ல, வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்க. வைட்டமின் துணையோட, பாலுக்கும் சதைக்கும் வேண்டிய அமினோ அமிலம் செஞ்சிகினு இருந்ததுங்க. பொங்கல் உள்ள போய்ப் புளிச்சு, அதுங்க செத்துப்போச்சு. எந்த அறிவாளி வெச்சான்?"

வள்ளியம்மா என்னைப் பார்த்தாள். "யாரோ வெளியூர் பக்தருங்க சார்" என்றாள்.

பக்கத்து வீட்டு மாடு அசைபோடும் இரையை எடுத்துக் கரைத்து ஊட்டச் சொன்னார் டாக்டர். அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்குமாம். "வாயப் புடிங்கண்ணா" என்றாள். பிடித்தேன். பச்சை எச்சில் என் வெள்ளை வேட்டியெல்லாம் வழிந்தது.

அடுத்த நாள் மாலை பசு எழுந்து அசைபோட்டது. வேட்டியில் வழிந்த எச்சிலை அன்றே கழுவிவிட்டேன். ஒருத்தியைப் பேசவிடாமல் நான் செய்த தருமம்தான் இன்னும் குமட்டுகிறது.