ஆயுத பூஜைக்கு அணைத்த மெஷின்

ஜெயவேலு பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினொரு வருஷமாக லேப் உதவியாளர். இத்தனை வருஷமும் தினக்கூலிதான். 2004இல்தான் பணி நிரந்தர ஆர்டர் ஒருவழியாகப் பிரின்சிபால் மேஜைக்கு வந்திருந்தது.

அவர் பொறுப்பில் ஒரு குளிர் மெஷின். அதற்குள் எள்ளளவு குறைகடத்திச் சில்லு; ஆராய்ச்சி மாணவி மெட்டில்டாவின் நாலு வருஷ உழைப்பு. சில்லுக்குள் எலக்ட்ரான்கள் கேரம் காய் மாதிரி சுவரில் மோதி மோதித் திசைகெட்டுத் திரியும். காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட, மின்சாரம் கடக்கிற அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். வெறும் இரைச்சல் என்றார் அவளுடைய பேராசிரியர். அவள் திரும்ப அளந்தாள். வரைபடத்தில் ஒரு கோணல்கூட மாறாமல் அதே கோடு வந்தது. சில்லு ஒருமுறை சூடாகிக் குளிர்ந்தால் போதும், அந்தக் கோடு திரும்ப வராது.

"லீவு முடிஞ்சதும் எக்ஸாமினர் வராருண்ணா. அவர் முன்னாடி அதே கோடு வந்தாதான் எனக்குப் பட்டம். மெஷினை மட்டும் நிறுத்திடாதீங்க," என்று சொல்லி ஒரு சீட்டும் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜையன்று ஜெயவேலு எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தார். ஓடுகிற மெஷினுக்கா பூஜை போடுவது? மனசு கேட்கவில்லை. வீட்டு ஃபிரிட்ஜை அணைத்துத் துடைத்தாலும் ஐஸ் மறுபடி கட்டத்தானே செய்கிறது என்று நினைத்து சுவிட்சை அணைத்தார். மறுநாள் காலையில் போட்டார். இரவுக்குள் பழைய குளிர் வந்துவிட்டது. தினமும் குளிர் அளவைக் குறிக்கிற நோட்டில் இரண்டு நாளுக்கும் வழக்கமான எண்ணையே எழுதினார். பாவி மனுஷன், நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால் வேறு கோடு வந்தது. அவர் பழைய படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"சம்பந்தமே இல்லையேம்மா. இதெல்லாம் நீயே வரைஞ்சதா?"

மெட்டில்டா முகம் வெளுத்து ஜெயவேலு பக்கம் திரும்பினாள். "அண்ணா, லீவுல மெஷின் நின்னுதா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான். அது வாய்வரை வந்தது. கூடவே பிரின்சிபால் மேஜையும் நினைவுக்கு வந்தது.

"இல்லமா. ஓடிகினுதான் இருந்துச்சு. நோட்டுல எழுதிகீறேன், பாரு."

"அப்ப இவர் பொய் சொல்றாரா?" என்று பக்கத்தில் நின்ற பேராசிரியர் அவளிடம் கத்தினார்.

"அண்ணா பொய் சொல்ல மாட்டாரு சார். நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

ஜெயவேலு அப்போதாவது சொல்லியிருக்கலாம். நோட்டைப் புரட்டிக் காட்டினார். மெட்டில்டா அந்த வாரமே ஹாஸ்டலைக் காலி செய்தாள்.

மாசக் கடைசியில் ஆர்டர் கைக்கு வந்தது. 'நேர்மையானவர்' என்று பேராசிரியர் பரிந்துரைத்திருந்தார்.