நீச்சல் குளத்திலிருந்து வந்த அம்மை: கிளியனூர், விழுப்புரம், திண்டிவனம்

மே மாதத்தில், நான்கரை வயதுக் குழந்தையோடு, பேருந்தில், விழுப்புரத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போகிறீர்கள் என்றால் நேராகக் காதுகுத்துக்கே போங்கள். வழியில் நீச்சல் குளம் இருக்கிறது, இரண்டு மணி நேரம் நனைந்துவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சொல்பவர் உங்கள் கணவராகவே இருந்தாலும், காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள். என் காதில் விழுந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

விசேஷம் என் கணவர் பிரபுவின் அக்கா வீட்டில். எனக்கு அவர் அண்ணி. அவர் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் பிரபு இல்லாமல் எதுவும் நடக்காது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள், தாம்பூலப் பை போடும் வேலை, வரிசைத் தட்டு வேலை எல்லாம் இருக்கிறது என்று அண்ணி மூன்று முறை போன் செய்திருந்தார். மூன்று முறையும் பிரபு "சரிக்கா" என்றார். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "காலைல சீக்கிரம் கிளம்பினா கிளியனூர் பக்கத்துல ஒரு பூல் இருக்கு, இனியாவ ஒரு முக்கு முக்கிட்டுப் போலாம். அக்காகிட்ட பஸ் லேட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை 6.15க்குச் சென்னை கிளாம்பாக்கத்தில் வண்டி ஏறினோம். 8.25க்குத் திண்டிவனம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி, மூவருக்கும் 190 ரூபாய். பொங்கலில் மிளகு அதிகம், இனியா பாதியை என் தட்டில் தள்ளிவிட்டாள். அங்கிருந்து புதுச்சேரி சாலையில் கிளியனூர் 18 கிலோமீட்டர், பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம். இறங்கிய இடத்திலிருந்து குளம் இருக்கும் தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோ 60 ரூபாய். இரண்டு பையும் ஒரு குழந்தையுமாக வெயிலில் அதை நடந்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 300, குழந்தைக்கு 150. இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நடந்ததெல்லாம் அவர்கள் தவறு என்று ஆகிவிடும். கேட்டைத் தாண்டும்போதே மருந்து வாடை மூக்கில் ஏறியது. குளத்தைப் பார்த்துக்கொள்பவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"காலைலதான்க்கா குளோரின் போட்டோம். தண்ணி எப்டிக் கண்ணாடி மாரி கீது பாருங்க."

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. இரண்டரை மணி நேரம் இனியா வெளியே வரவில்லை. முழங்கை வரைக்கும் முழங்கால் வரைக்கும் மூடும் நீல நிற நீச்சல் உடை, அதற்கென்றே வாங்கியது. தண்ணீரை விழுங்கினாள், துப்பினாள், அப்பாவின் முதுகில் ஏறிக் குதித்தாள். குழந்தை சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

12.30க்குக் குளியலறைக்குப் போனால் நான்கு குழாய்களில் மூன்றில் தண்ணீர் இல்லை. நான்காவதன் முன்னால் பதினோரு பேர். "மோட்டார் போட்டுக்கினு இருக்கேன்க்கா, பத்து நிமிஷம்" என்றார் அந்த ஆள். அதற்குள் பிரபுவின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அக்கா. "திண்டிவனம் தாண்டல அக்கா, ஒரே டிராஃபிக்" என்று அவர் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருக்க, நான் இனியாவின் நீச்சல் உடைக்கு மேலேயே கவுனை மாட்டினேன். வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முறைக்காதீர்கள்.

அந்த உடை காயவில்லை. திண்டிவனத்தில் சாப்பாடு, அங்கிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டர், நிற்கக்கூட இடமில்லாத வண்டியில் ஒரு மணி பத்து நிமிடம். இனியா என் மடியில் ஈரத்தோடு தூங்கினாள். என் புடவையும் ஈரமானது. அண்ணி வீட்டுக்குள் நுழையும்போது மணி 4. அவர் முகத்தைப் பார்த்ததும் பிரபு நேராக நாற்காலி அடுக்கப் போய்விட்டார். நான் குழந்தையின் உடையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, எங்கள் பெட்டியின் அடியில் வைத்தேன். குளிப்பாட்டவில்லை. வந்ததும் வராததுமாகக் குழந்தையைக் குளிக்க வைத்தால் ஏன் என்று கேட்பாரே என்ற பயம்.

ஐந்து மணிக்கு இனியா சொறிய ஆரம்பித்தாள். கழுத்து, அக்குள், இடுப்பு எல்லாம் சிவந்து பொடிப்பொடியாகக் கிளம்பியிருந்தது. அண்ணி பூக்கட்டிக்கொண்டிருந்தவர், குழந்தையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நூலைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவிதா, இது அம்மாதான்டி. அம்மா வந்திருக்காங்க."

வெளியூர் வாசகர்களுக்காக: அம்மா என்றால் அம்மை. மாரியம்மன் குழந்தையின் உடம்பில் வந்திருக்கிறாள் என்று பொருள். வந்தவள் போகும் வரை குழந்தைக்குக் குளியல் கிடையாது, சோப்பு கிடையாது, மருந்து கிடையாது. வேப்பிலை உண்டு. வீட்டில் தாளிக்கக்கூடாது. யாரும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பக்கூடாது. ஒற்றைப்படை நாளில் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய பிறகுதான் எல்லாம் முடியும். அதாவது உடம்பில் ஒட்டியிருக்கும் குளோரினைக் கழுவிவிட வேண்டிய ஒரு குழந்தைக்கு, உலகத்தில் தேடினாலும் இதைவிடத் தப்பான வைத்தியம் கிடைத்திருக்காது.

"நான் தண்ணில குதிச்சேன் அத்தை" என்றாள் இனியா.

"குதிப்படி தங்கம், அம்மா எறங்குனதும் வாளித் தண்ணில குதிப்ப" என்று அண்ணி வேப்பிலைக் கொத்தால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வீட்டில் அம்மை என்றால் காதுகுத்தையே தள்ளிப்போட வேண்டும். இருநூறு பத்திரிகை கொடுத்து, மண்டபம் பிடித்து, ஆசாரிக்கும் சொல்லியாகிவிட்டது. அண்ணி பின்கட்டு அறையை எங்களுக்கு ஒதுக்கினார். "யாருகிட்டயும் மூச்சு வுடாத. நாளைக்கு நீயும் கொழந்தையும் மண்டபத்துக்கு வர வேணாம். ஆத்தா கோவிச்சுக்காம இருக்கணும்" என்றார். அவர் கண்ணில் நிஜமான பயம். எனக்கோ ஆத்திரம். மஞ்சளும் வேப்பிலையும் அவரே அரைத்து வந்து பூசினார். ஏற்கெனவே எரிந்த தோலில் அது பட்டதும் இனியா வீடே அதிரக் கத்தினாள். ஈரத் துண்டால் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். வாசல் பக்கம் போய் பிரபுவைப் பிடித்தேன்.

"நீங்க சொல்லுங்க."

"ஃபங்ஷன் முடியட்டும் கவிதா. இப்ப சொன்னா அக்கா என்னைத் தொலைச்சிடும். ஒரு ராத்திரிதானே?"

ஒரு ராத்திரிதான். சொறிபவருக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

ஞாயிறு காலை 7.30க்கு எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். பிரபு பட்டு வேட்டியோடு அறை வாசலில் நின்று, அம்மை முறைப்படி, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 7.45க்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர், "சண்டே மேடம், கிளினிக் எல்லாம் மூடிக்கினு இருக்கும். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இல்லாங்காட்டி திண்டிவனத்துல ஒரு டாக்டரம்மா பன்னண்டு மணி வரைக்கும் பாக்குறாங்க" என்றார். பெரியாஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் அண்ணி தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. நான் திண்டிவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பது கிலோமீட்டர்.

பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். இனியாவின் கையில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் வண்டியில் இருந்த அம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வேறு ஆளே ஏற்றவில்லை. இறங்கும்போது நான் நீட்டிய பணத்தைத் தொடவும் இல்லை.

"ஆத்தா ஏறுன வண்டிங்க. அவகிட்ட துட்டு வாங்குனா பேஜாராப் பூடும். ஜல்தியா வண்டி புடிச்சுக்கினு போங்க."

ஆக, ஆட்டோ செலவு: ஒன்றுமில்லை. மாரியம்மன் பெயரைச் சொல்லி ஓசியில் பயணம் செய்த அவமானம் தனி.

திண்டிவனம் பேருந்தில் கண்டக்டர் அவ்வளவு பக்தராக இல்லை.

"ஏம்மா, அம்மை போட்ட கொழந்தைய கூட்டத்துல தூக்கிக்கினு வர்றியே, படிச்சவளாத்தான் தெரியுற. நாப்பது பேரு ஒக்காந்துக்கினு இருக்காங்க இல்ல? எறங்கு."

அவர் சொன்னது நியாயம். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேக வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த பெண் கூடையோடு பின்னால் நகர்ந்தார்.

"அம்மை இல்லைங்க" என்றேன். "நேத்து நீச்சல் குளத்துல குளிச்சா. அந்த மருந்துத் தண்ணி. நான் அலசி விடல."

"அப்ப இந்த வேப்பில?"

வாங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். இனியா ஓவென்று அழுதாள். அவளுக்குச் சொறிந்துகொள்ள அது ஒன்றுதான் இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நடந்த உண்மையை நான் முதன்முதலில் சொன்னது கணவரின் அக்காவிடம் இல்லை, பெயர் தெரியாத ஒரு கண்டக்டரிடம்.

டாக்டரம்மா இனியாவின் கவுனைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த மஞ்சளைத் துடைத்தார். பிறகு அவள் முழங்காலுக்கு மேலே விரலை வைத்தார். சிவப்பு அங்கே நறுக்கென்று நின்றிருந்தது. முழங்கையிலும் அப்படியே. அதற்குக் கீழே ஒரு பொடி இல்லை.

"காய்ச்சல் இல்ல, கொப்புளம் இல்ல. அம்மை இப்டி அளவெடுத்து தெச்ச மாரி வராதும்மா. என்ன போட்டுக்கினு இருந்தா?"

சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?"

மூன்றரை மணி நேரம் ஈரத்தோடு.

"அதுக்கப்புறம் குளிப்பாட்டுனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. பின்பக்கக் குளியலறையைக் காட்டி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் சோப்பு போடாமல் அலசச் சொன்னார். இரண்டாவது சொம்பு ஊற்றும்போதே இனியா சொறிவதை நிறுத்திவிட்டாள். "இன்னும் ஊத்தும்மா" என்றாள். டாக்டர் பீஸ் 200, பூசுவதற்கு ஒரு களிம்பும் வாசனை இல்லாத லோஷனும் 265.

அந்தச் சிவப்புக் கோட்டை டாக்டரம்மா கண்டுபிடித்ததாக எழுதினால் அது பொய். சனிக்கிழமை ஐந்து மணிக்கே, அண்ணி கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இனியாவின் காலைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அண்ணியின் மூடநம்பிக்கை, பிரபுவின் கோழைத்தனம், தண்ணீர் வராத குழாய் என்று நான் இதுவரை எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் அண்ணி அம்மை என்று சொன்னபோது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அம்மை வந்தால் யாரும் தாயைக் குறை சொல்ல மாட்டார்கள்.

11 மணிக்கு மருந்துக்கடை வாசலில் நின்று அண்ணிக்குப் போன் செய்தேன். மேளச் சத்தம் கேட்டது. குளம், பொய், ஈர உடை எல்லாவற்றையும் சொன்னேன். வசவுக்குத் தயாராக நின்றேன்.

"இத நேத்தே சொல்லியிருந்தா," என்றார் அண்ணி, "நானே ஒரு வாளி தண்ணி புடிச்சு ஊத்தியிருப்பேனேடி. எதுக்குடி பச்சக் கொழந்தைய இப்டி வாட்டுன?"



போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குளத்தில் இறக்குவதற்கு முன் குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் திரும்பிவிடுங்கள், அல்லது ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். இறக்குவதற்கு முன்னும் கரையேற்றிய உடனேயும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈர உடையை அங்கேயே கழற்றுங்கள். மருந்து வாடை மூக்கில் ஏறினால் அரை மணி நேரம் போதும். சிவந்துவிட்டால் மஞ்சள், வேப்பிலை, பவுடர் எதுவும் வேண்டாம். காய்ச்சலோ கொப்புளமோ இருந்தால் டாக்டரிடம் போங்கள், அப்போது பேருந்தில் ஏறாதீர்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வண்டிகள் அடிக்கடி உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன பண்ணினே?" என்பதுதான். எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் பதிலை உடனே சொல்லிவிடுங்கள். நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு பதினெட்டு மணி நேரம் கழித்துச் சொன்னேன். அந்தப் பதினெட்டு மணி நேரமும் சொறிந்துகொண்டிருந்தது நான் இல்லை.