அக்காவின் கரும்புக்கு நடுவே கருகிய உளுந்து

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அத்தான் கேட்டபோது, அக்காவுக்கு நான் செய்த ஒரு துரோகத்தையும் சேர்த்து எழுத விட்டால் எழுதுகிறேன் என்றேன். அது என்னவென்று முன்பே அறிந்த அத்தான், "எழுதும்மா. அவ இருந்தாலும் எழுதத்தான் சொல்லியிருப்பா" என்றார்.

அக்கா பிறந்தது கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில். சுற்றிலும் கரும்புத் தோட்டம். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மா தவறியபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் பாலிடெக்னிக் படித்தார். ஹைதராபாத்தில் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயே பணியாற்றிய அத்தானை மணந்து ஏ.எஸ்.ராவ் நகரில் குடியேறினார். பிறகு பேகம்பேட்டில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை அமைந்தபோது, ஹாஸ்டல் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அக்கா கையால்தான் சாப்பிட்டேன்.

தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்ததும் அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் முழுக்க வீட்டுமனை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அக்கா ஜஹீராபாத் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கிக் கரும்பு நட்டார். வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸில் போய் வருவார்.

கரும்பு நட்டால் வெட்ட ஒரு வருடம் ஆகும். அதுவரை செலவுதான், வரவு இல்லை. முதல் மூன்று மாதம் பயிர் மெதுவாகக் கிளம்பும், வரிசைகளுக்கு நடுவே மண் சும்மா கிடக்கும். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டாம் நடவில் இடைவெளியைக் கூட்டி நட்டு, நடுவே ஊடுபயிராக உளுந்து விதைத்தார். வயலிலேயே குடியிருந்து பார்த்துக்கொண்ட சாயிலுவிடம், உளுந்தில் பாதி உனக்கு என்று சொல்லிவிட்டார். உளுந்து கரும்பின் சத்தை உறிஞ்சிவிடும் என்றார்கள் பக்கத்து விவசாயிகள். "எண்பது நாள்ல உளுந்த எடுத்துடலாம். கரும்பு நிழல் கட்டறதுக்குள்ள அது வீட்டுக்கு வந்துடும். அதோட வேரு மண்ணுக்கு நல்லதுதான்" என்று எங்களிடம் சொன்னதையே அவர்களிடம் தெலுங்கிலும் சொல்வார். இது விளைந்தால் அடுத்த வருடம் நாங்களும் விதைக்கிறோம் என்று நான்கு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் அக்காவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொன்னார்: "பாப்பா, ஒரு மாசம் வயல நீ பார்த்துக்கோ. ஆள் வெச்சுக் களை எடுக்கணும். மருந்து மட்டும் அடிக்கக் கூடாது, உளுந்து போயிடும்." நான் லேப்டாப்பைப் பார்த்தபடியே சரி சரி என்றேன்.

பத்து நாள் கழித்து சாயிலு போன் செய்தார். களை மண்டிவிட்டது, ஊரில் ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்தால் அடுத்த ஊரிலிருந்து பெண்களைக் கூட்டி வரலாம் என்றார். அந்த ஞாயிறு நானும் கணவரும் மியாப்பூரில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போவதாக இருந்தோம்.

"கலுப்பு மந்து கொட்டு" என்றேன். களைக்கொல்லி அடி என்று அர்த்தம்.

"மினுமுலு போத்தாயி அம்மா" என்றார். உளுந்து போய்விடும் என்று அவரும் சொன்னார்.

"நேனு செப்துன்னா கதா, கொட்டு." நான்தானே சொல்கிறேன், அடி. போனை வைத்துவிட்டேன்.

கரும்பு அப்படியே நின்றது. உளுந்து இலை முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் கருகிவிட்டது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். சின்னம்மாதான் அடிக்கச் சொன்னார்கள் என்றார் சாயிலு. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ அக்கா, நான் களை எடுக்கத்தான் சொன்னேன். என் தெலுங்கு அவருக்குப் புரியல."

என் ஓட்டைத் தெலுங்கு அக்காவுக்குத் தெரியும். நம்பிவிட்டார். புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்க வேண்டாமா என்று சாயிலுவைக் கடிந்துகொண்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் காரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பாதிப் பங்கை நம்பியிருந்த குடும்பம். இரண்டு மாதத்தில் சாயிலு மனைவி பிள்ளைகளோடு மாதாப்பூருக்குப் போய், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். வாக்குக் கொடுத்த நான்கு பேரும் அடுத்த வருடம் வெறும் கரும்பே நட்டார்கள். அக்கா விடவில்லை. தானே களைக்கொத்தைப் பிடித்து, மறுபடி உளுந்து, அதற்கடுத்த வருடம் வெங்காயம் என்று எடுத்துக் காட்டிய பிறகு அவர்களும் வந்தார்கள். இன்று அந்தப் பக்கம் பல வயல்களில் ஊடுபயிர் இருக்கிறது.

நானோ அந்தப் பொய்யைக் கதையாக்கி, கல்யாண வீடுகளில் என் தெலுங்கை நானே கேலி செய்து நடித்துக் காட்டினேன். அக்காவும் சிரித்தார்.

அக்கா புற்றுநோய் முற்றிப் படுத்துவிட்ட பிறகுதான் எனக்கு வாய் வந்தது. சொல்லி முடித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? சாயிலுகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"தலைய குனிஞ்சு நின்னாரு பாப்பா. நான்தான் நிக்க வெச்சேன்."

அதன்பின் தண்ணீர் கேட்டார், மருந்து கேட்டார். இதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் அத்தானும் நானும் மாதாப்பூரில் சாயிலுவைத் தேடிக் கண்டுபிடித்தோம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தெலுங்கு என் பாஷைதானேம்மா. எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது" என்று தெலுங்கில் சொன்னார். பிறகு, "பெத்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அக்காவை அவர் அப்படித்தான் அழைப்பார். கடைசியில் தெரியும் என்றேன். வாசல் கேட் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பாதிப் பங்குக்குத் திரும்பி வரும்படி அத்தான் அழைத்தார். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், இனி முடியாது என்றுவிட்டார். ஆனால் காரியத்தன்று மனைவியோடு வந்து, பந்தி முடியும்வரை இருந்தார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஏ.எஸ்.ராவ் நகர் அண்டை வீட்டாருக்கும், அக்காவோடு களை எடுத்த பெண்களுக்கும், காரியத்துக்கு அத்தனை தூரம் பஸ்ஸேறி வந்த அந்த நான்கு விவசாயிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிக்கும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் நான் சொன்ன கதையை நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அது பொய் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சாயிலு சரியாகத்தான் புரிந்துகொண்டார். வேண்டாம் என்றும் சொன்னார்.