ஒத்தக்கண்ணி அழுத அழுகை

எங்கள் ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் ஒத்தக்கண்ணி என்றுதான் கூப்பிடுவோம். கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சின்னக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஒன்றில் ஒத்தக்கண்ணி என்ற ஒற்றைக் கண் துணிப் பொம்மைக்கு அவள் குரல் கொடுத்தாள்; அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிலுக்கடியில் கிடக்கிற பொம்மையை எடுத்துத் துடை, கிழிந்தால் தைத்துக் கொடு, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்கிற தொடர் அது. நான் ஒலிப்பதிவுக்காரன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் நிற்பவர்களைக் கடிந்துகொள்வதே என் பாதிப் பிழைப்பு.

அதற்கு முன்னால் அவள் சினிமா டப்பிங்கில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிறவள், சாவு வீட்டில் பின்னால் நின்று அழுகிறவள். போனில் 'நீங்கள் அழைத்தவரால் தற்போது பேச இயலாது' என்று சொல்வதும் அவள் குரல்தான். புருஷனைப் பிரிந்தபோது மூன்று வயது மகள் அவனோடு போய்விட்டாள். அவனுக்கு இப்போது வேறு ஊர், வேறு மனைவி. இவள் கூப்பிட்டால் அந்தப் படுபாவி எடுக்க மாட்டான். இவள் காதில் விழுவது இவளே பேசிக் கொடுத்த அந்த வரிதான்.

“குட்டி தினமும் நம்ம கார்ட்டூன் பாக்குறாளாம் அண்ணா. நாத்தனார் ரகசியமா சொன்னாங்க. என் குரலாவது அவ காதுல விழுந்துட்டு இருக்கட்டும்” என்பாள்.

குழந்தைகள் படத்தில் அழுவதற்கு ஒரு முறை உண்டு. நிஜமாக அழக் கூடாது. உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டே அழ வேண்டும். அப்போதுதான் கேட்கிற பிள்ளைக்கு இது விளையாட்டு என்று படும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். அன்றைக்கு வந்த காட்சியில், வீடு மாறிப் போகிறவர்கள் பொம்மையை மழையில் மறந்துவிட்டுப் போகிறார்கள். 'என்னை விட்டுட்டுப் போறியா?' என்று பொம்மைக்கு ஒரே ஒரு வரி. அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தொலைந்ததோ, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதுவிட்டாள்.

“இது வேணாம்மா, இன்னொரு தடவை போலாம்” என்றேன்.

டைரக்டருக்கு வேறு எங்கேயோ ஓட வேண்டியிருந்தது. “விடுங்க சார், நல்லாத்தானே இருக்கு. உசுரு இருக்கு” என்று கிளம்பிவிட்டார். உசுரு இருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

நிகழ்ச்சி பார்த்த குழந்தைகள் போன் செய்து பேசிப் பதிவு செய்ய ஓர் எண் கொடுத்திருந்தோம். இரைச்சலை நீக்கி, நல்லதாகச் சிலதைத் தொடரின் கடைசியில் சேர்ப்பது என் வேலை. 'எங்க யானைக்கு ஜுரம், பிஸ்கட் குடுத்தேன்' என்கிற ரகத்தில்தான் எப்போதும் வரும். மழைக் காட்சி ஒளிபரப்பான பிறகு பெற்றவர்கள் போனைப் பிடுங்கிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் பொம்மைகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிள்ளை வாசலில் உருண்டதாம். இன்னொருத்தி, “எங்க பையன் தூங்காம கட்டிலுக்கடியிலயே பாத்துட்டு இருக்கான். நீங்கல்லாம் புள்ள பெத்தவங்கதானா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒத்தக்கண்ணி காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

சேனல் மேனேஜர் வந்தார். “குரல்ல கொஞ்சம் சோகம் தூக்கலா இருக்கு” என்றார், என்னமோ குழம்பில் உப்பைச் சொல்கிற மாதிரி. அந்த வாரமே பொம்மைக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

“வேற எந்த வேலை போனாலும் பரவால்லண்ணா. இது போச்சுன்னா குட்டிக்கு நான் எங்க இருக்கேன்?” என்றாள் ஒத்தக்கண்ணி. பிறகு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். “குரல் மாறினா அவளுக்குத் தெரியாமப் போயிடுமா? 'எங்கம்மா குரல் எங்க?'ன்னு கண்டிப்பா போன் பண்ணுவா. துணி முயலைப் பத்திப் பேசினா அது குட்டிதான். ஒரு கண்ணு பிஞ்சு போச்சுன்னு என் கோட்டுல இருந்த பச்சை பட்டனை எடுத்துத் தைச்சுக் குடுத்தேன். வந்தா மறக்காம கூப்பிடுங்க.”

அடி அசடே என்று வாய் வரை வந்தது. “கூப்பிடுறேம்மா” என்றேன்.

வந்தது. கேட்டதும் அழித்துவிடலாம் என்றுதான் கை போனது. ஆனால் அதற்கு நான் யார்? கூப்பிட்டேன். ஓடி வந்து, மூச்சு வாங்க ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“முன்னாடி ஒத்தக்கண்ணி அழும். எனக்குப் பயமா இருக்கும், காதைப் பொத்திக்குவேன். இப்ப அழறதே இல்ல. இந்த ஒத்தக்கண்ணிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க முயலுக்கும் ஒரு கண்ணு பச்சை பட்டன். கடையில வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க.”

திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். 'அம்மா சொன்னாங்க' என்ற இடத்தில் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“முயலை இன்னும் வச்சிருக்கா பாருங்க” என்றாள். “நல்லாத் தெளிவா பேசுறா. பின்னாடி ஃபேன் சத்தம் இருக்கு, எடுத்துட்டு இதையே போடுங்கண்ணா.”

“சரிம்மா” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், மைக்கின் முன்னால் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். மைக் அணைந்துதான் கிடந்தது. அங்கே நின்று, சொல்லிக்கொடுத்த முறைப்படியே, உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை ஒரு பிசகு இல்லை.