அக்கி என்று காவி பூசினோம்

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியின் வணக்கம். எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று சிலர் நினைப்பீர்கள். கொட்டகலை பஜாரில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைப்பதால் எங்கள் குடும்பத்தில் நான்தான் எழுத்தாளன். மூன்று சொல்லுக்கு மேல் இதுவரை தொடர்ந்து எழுதியதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா போன விதத்தை ஒளிக்காமல் எழுதும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எல்லாரும் 'நோய்வாய்ப்பட்டு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. எந்த நோய், எந்த எடம்னு போடு. காவி பூசுன கதையையும் போடு" என்றார். மச்சானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, இதில் சம்மதமில்லை. "பொம்பளைங்க சமாச்சாரம் மச்சான். மலர்ல வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா காலமானபோது நான் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். அம்மாவின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது, வேறெதுவும் நடக்கவில்லை. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டார். வேலைக்கு வயது வந்ததும் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனார். அடைமழைக் காலத்தில் இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, உடை மாற்றுமுன்னே என் தலையைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். "நனைஞ்சியாடா?" நான் லயத்து அறையான காம்பராவுக்குள் அடுப்போரம் சுகமாக ரொட்டி தின்றுகொண்டிருப்பேன்.

அவர் அப்படி உழைத்து என்னைப் படிக்கவைத்ததற்கு நான் செய்த கைமாறு, சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டது. அக்கா ஏசவில்லை. "கணக்கு வராட்டி என்ன? எழுத்து அழகா இருக்கே" என்று போர்டு எழுதும் ஒருவரிடம் கூட்டிப்போய்ச் சேர்த்தார். நான் தனியாக எழுதிய முதல் போர்டு ஒரு சிற்றுண்டிச்சாலைக்கு. பஸ்ஸில் போகும்போது அக்கா அதைப் பார்த்துவிட்டு, இறங்கித் திரும்பி நடந்தே வந்தார். "டேய், நடுவுல ஒரு எழுத்தக் காணோம். தின்னுட்டியா?" 'று' இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கண்டுபிடித்தார். அந்த வழியாகத் தினமும் போய்வந்த வாத்தியார்மார் கண்டுபிடிக்கவில்லை.

இனி அக்கா சொன்ன விஷயம்.

அவருக்கு இடது மார்பு சிவந்து வீங்கியது. தொட்டால் சுட்டது. கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. மார்பில் கட்டி இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நம் எல்லோருக்கும் எண்ணம். அக்கா என் மனைவியிடம் காட்டினார். தோல் சிவந்து எரிந்தால் நம் ஆட்களுக்கு உடனே வாயில் வருவது அக்கி. காவிமண்ணைக் குழைத்து மேலே சிங்கம் வரைந்தால் அக்கி பயந்து இறங்கிவிடும். அதுதானே நம் வைத்தியம்? காவியைக் குழைத்துக் கொடுத்தவன் நான். மனைவிக்குப் படம் வராது என்று ஒரு தாளில் சிங்கத்தை வரைந்தும் கொடுத்தேன், தொழில்காரன் அல்லவா! திரைக்குப் பின்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இது சிங்கமா தங்கச்சி? பூனை மாதிரியில்ல இருக்கு!"

"ஒங்க தம்பி வரைஞ்சு குடுத்ததே அப்படித்தாங்க அண்ணி."

மூவரும் சிரித்தோம். இரண்டு வாரம் காவி பூசினோம். வீக்கம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நான். போகிற வழியில் "என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டேன். கூடப்பிறந்த தம்பியிடம் 'மார்பு' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. "நெஞ்சுல நோவுன்னு சொல்லு" என்றார். நானும் என் சிங்களத்தை நிமிர்த்திக்கொண்டு நர்ஸம்மாவிடம் "பப்புவே அமாருவ" என்று ஒரு போடு போட்டேன். சிங்களத்தில் அப்படிச் சொன்னால் இருதயக் கோளாறு என்று அர்த்தமாம். "ஹார்ட்டா?" என்று அவர் பதறினார். என் சிங்களம் இவ்வளவு வேலை செய்கிறதே என்ற பெருமையில் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி அக்காவை ஈ.சி.ஜி. எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வயர் ஒட்டுவதற்காகச் சட்டையைத் திறந்த நர்ஸம்மா "மே மொகத?" என்று, அதாவது 'இது என்ன?' என்று, போட்ட சத்தம் வெளியில் நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே என் சிங்கம் அவரை முறைத்துக்கொண்டிருந்தது. காவியைத் துடைத்துப் பார்த்தால், தோல் ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தின் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்ததாம். அவரே கையைப் பிடித்து ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நான் சாமர்த்தியமாகப் பேசி அன்றைக்கே காரியத்தை முடித்தேன் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. நானும் இதுவரை மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். அது சாமர்த்தியம் இல்லை, பிழை.

தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். மார்புப் புற்றுநோய். அதிலும் கட்டியாகத் திரளாமல் அழற்சி போலப் பரவும் வகை. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். பொறுமையாக விளக்கினார்.

"காயம் பட்டா, கிருமி வந்தா ஒடம்புல இருக்கிற காவல் அணுக்கள் அங்க ஓடிவரும். அதனாலதான் சூடு, சிவப்பு, வீக்கம். அதத்தான் அழற்சின்னு சொல்றோம். இங்க கிருமி இல்லம்மா. புத்துநோய் அணுக்கள் தோலுக்குக் கீழ இருக்கிற சின்னச் சின்ன வாய்க்கால அடைச்சிருச்சு. அதான் வீக்கம். வந்த காவல் அணுக்கள்லயும் கொஞ்சத்த நோய் ஏமாத்தி வச்சிருக்கு. ஏதோ காயத்த ஆத்துறோம்னு நெனச்சுக்கிட்டு அதுங்க நோய் வளர ஒத்தாசை பண்ணுதுங்க."

அக்கா கேட்டுக்கொண்டே தலையாட்டினார். "அப்ப கள்ளன் தலையில மூட்டைய ஏத்திவிடுறதே காவலுக்கு நிக்கிற வாட்சர்தான்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "காவியக் கொழச்சுக் குடுத்தவன் நான்தானே அக்கா" என்றேன். "கெடுக்கணும்னா செஞ்ச? ஒத்தாசைன்னு நெனச்சுத்தானே செஞ்ச. சன்னலச் சாத்து, குளிருது" என்றார். மலரில் போடச் சொன்ன நாள்வரை அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததே இல்லை.

வீக்கம் வற்றினால்தான் வெட்ட முடியும் என்று முதலில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, ஒரு சளித் தடிமன்கூட ஆபத்து, யாரையும் கிட்ட விடாதீர்கள் என்றார்கள். காம்பரா வாசலில் நான் காவல். தும்மியபடி வந்த சித்தியை உள்ளே விடவில்லை. அவர் பழப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார். சித்தி, இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன். பழம் நன்றாக இருந்தது. பாதியை நான்தான் சாப்பிட்டேன்.

சத்திரசிகிச்சையும் நடந்தது. சில மாதம் அக்கா எழுந்து நடந்தார், என் போர்டுகளில் பிழை பிடித்தார். பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. கடைசி நாட்களில் டாக்டரம்மாவைத் தனியே பிடித்து, அந்த இரண்டு வாரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "தெரியாதுங்க. இது வேகமா ஓடுற நோய். ஆனா முந்தி வர்றது எப்பவும் நல்லது" என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு என் முதல் நன்றி.

தங்கைமாரே, பிள்ளைகளே, கட்டி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். மார்பு சிவந்தாலோ, சுட்டாலோ, தோல் குழிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பு என்றே சொல்லுங்கள்.

சட்டையைத் திறந்து பார்த்த அந்த நர்ஸம்மாவுக்கும், வேலை முடிந்த களைப்போடு முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வேன் கொண்டுவந்த டிரைவர் தம்பிக்கும், தாயைக் குழந்தைபோல் குளிப்பாட்டிய மருமகளுக்கும், அதாவது அக்காவின் மகளுக்கும், எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை மச்சானிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார். 'மார்பு' என்று வரும் இடத்தையெல்லாம் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. தாளின் கீழே இதை எழுதித் தந்தார். அப்படியே போட்டிருக்கிறேன்:

"தம்பி பெண்சாதியிடம் காட்டுவதற்கு ஒரு வாரம் முன்னே என்னிடம்தான் காட்டினாள். வெந்நீர் ஒத்தடம் கொடு, போய்விடும் என்றேன். அதையும் சேர்த்துக்கொள்ளவும்."