கடலுக்கு நான் சொன்ன நிறம்

அந்தப் படத்துக்காக நாங்கள் காத்திருந்த அளவுக்கு, அதை எடுத்தவர்கள்கூடக் காத்திருந்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் யாருக்கும் அதைப் பார்க்கும் எண்ணம் கிடையாது. அது எங்கோ வெளிநாட்டில் ஒரு வெள்ளிக்கிழமை திரைக்கு வரும். அதற்கு மூன்று வாரம் முன்னால், படத்தின் ஓவியம் அச்சடித்த டி-ஷர்ட்டுகள் அங்கே கடைகளில் தொங்க வேண்டும். அதற்கு அவை தூத்துக்குடியில் கப்பல் ஏறியாக வேண்டும்.

"படம் ஓடி முடிஞ்சு போய்ச் சேந்துச்சுன்னா, அந்தச் சட்டைய வெச்சு மேசைதான் தொடைக்கோணும் கண்ணு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டிங் மாஸ்டர் முதல் பேக்கிங் பெண்கள் வரை எல்லோர் வாயிலும் படம், படம் என்றுதான் பேச்சு.

நான் ஆபீசில் இருந்தேன். வரும் ஃபேக்ஸ்களைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் வேலை. பொங்கலூர்ப் பக்கம் பிறத்தியார் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்தவர்களில் நான் ஒருவன்தான் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜும் முடித்தவன். அப்பா என் கடிதங்களைக்கூடத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்குது சாமி" என்பார்.

ஆர்டர் ஃபேக்ஸில் படத்தின் பெயர் இருந்தது. படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்த நாவல். காலேஜில் ஆங்கிலத் தாளுக்கு நான்-டீடெயில் என்று ஒரு புத்தகம் வைப்பார்கள். பெரிய நாவலைச் சுருக்கி, பல அத்தியாயங்களை வெட்டி, நூறு பக்கத்துக்குள் அடக்கிய பதிப்பு. மற்றவர்கள் கடையில் விற்ற நோட்ஸை மனப்பாடம் செய்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வேறொரு கிரகம். கரையே இல்லாத கடல். அதன் மேல் ஒரு நகரம் மிதந்துகொண்டிருக்கும். நகரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் கரை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுவார்கள். அந்தப் புத்தகம் என்னைப் பிடித்து ஆட்டியது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் புரியாது என்பதல்ல. எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

சொன்னது பிரிண்டிங் அண்ணாச்சியிடம்தான். வேலம்பாளையத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் நான்கு டேபிள் வைத்து, எங்கள் கம்பெனிக்கு அச்சடித்துக் கொடுப்பவர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். அரிவாளும் ஜீப்பும் இல்லாத படத்தைப் படமாகவே மதிக்காதவர்.

"கடல்ல ஊரு மெதக்குதா? எங்க ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல, வே" என்றார். "சண்ட உண்டுமா?"

"வாய்ச்சண்டைதானுங்க அண்ணாச்சி."

"அப்ப எங்க வீட்டுப் படம். நம்ம ஊருக்கு வரும்போது நீரும் நானும் போறோம். அவனுவ பேசுதத நீரு எனக்குச் சொல்லணும். சரியா, காலேஜு?"

காலேஜு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கிண்டலும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

சிக்கல் நிறத்தில் வந்தது. ஓவியம் ஃபேக்ஸில் வந்துவிட்டது. மிதக்கும் நகரம் நெஞ்சுப் பகுதியில், கடல் அதற்குக் கீழே வயிறு முழுக்க. ஆனால் ஃபேக்ஸில் எல்லாமே கறுப்பு வெள்ளை. நகரத்துக்குச் சாம்பல் நிறம் என்று எழுதியிருந்தார்கள். கடலின் நிறம் கூரியரில் வரும் வண்ணப் படத்தைப் பார்த்துப் போடவும் என்றிருந்தது. கூரியர் மெட்ராஸ் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. முதலாளி ஏஜெண்டைப் பார்க்க பெங்களூர் போனார். போன் செய்தால், "இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்" என்றார். வெட்டிய முன்பக்கத் துண்டுகள் அண்ணாச்சியின் கொட்டகையில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அச்சடித்து, தைத்து, செக்கிங் முடித்து, அட்டைப்பெட்டியில் போட பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

மூன்றாம் நாள் அண்ணாச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார். "பயலுவ நாலு பேரும் சீட்டு வெளையாடுதானுவ. கடலுன்னா நீலந்தான. கலக்கிப் போட்டுரவா?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நீலமில்லீங்க அண்ணாச்சி. அந்தக் கடல் செவப்பு. துருப்பிடிச்ச இரும்பு மாதிரி. புஸ்தகத்துலயே இருக்குதுங்க."

"செவப்புக் கடலா? நெசமாவா?"

"நான் படிச்சிருக்கனுங்க."

அதைச் சொன்னபோது எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியாது. நான் படித்தது எதுவும் அதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஃபேக்ஸ் படிப்பது வேறு. அது எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் செய்யலாம். நான் முழுதாக நெஞ்சில் வைத்திருந்த ஒரு கதை, ஒரு லாட்டையே, அந்த ஆர்டரின் மொத்தச் சரக்கையே, நகர்த்தப் போவது அன்றுதான்.

அண்ணாச்சி கிளம்பவில்லை. "வாய்ச்சொல்லு ஆவாது. சீட்டு குடும்" என்றார்.

எங்கள் கம்பெனியில் அது நடைமுறை. எந்த மாற்றமானாலும் ஆபீசிலிருந்து சீட்டு போக வேண்டும். அச்சுப் பட்டறைக்காரர் அதைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்திருப்பார். சீட்டு இருந்தால் தப்பு கம்பெனியுடையது. இல்லையென்றால் பட்டறையுடையது, அப்புறம் அந்தப் பட்டறைக்கு ஒரு துண்டுகூடப் போகாது. அந்த வருஷமே பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படி வேலை நின்று, டேபிள்களை விற்றுவிட்டு ஊரைப் பார்க்கப் போயிருந்தார். அது அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியில் ஒட்டும் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் 'கடல்: துருச்சிவப்பு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளியிடம் போனில் சொல்லவில்லை. அவர் கேட்டால் காத்திரு என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கூரியர் வந்தது.

கவரைக் கிழித்தேன். வழுவழுப்பான தாளில் அதே நகரம், அதே அலைகள். கடல் நீலம். இருண்ட, ஆழமான நீலம். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மறுபடி மேசையில் வைத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் நீலம். முதலாளி மத்தியானம் வந்து இறங்குவார். அதற்குள் பாதி லாட் அடித்திருப்பார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்துக்கு மிதித்தேன். வழியெல்லாம் எனக்கு வந்த கோபம் படக்காரர்கள் மேல்தான். எழுதியவன் சிவப்பு என்று எழுதியிருக்க, இவர்கள் யார் மாற்ற? கொட்டகைக்குள் நுழைந்தபோது பையன்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அண்ணாச்சி பின்பக்கம் அச்சுச் சட்டங்களைக் கழுவும் சத்தம் கேட்டது. கயிறுகளில் வரிசை வரிசையாகச் சிவப்புக் கடல்கள் காய்ந்துகொண்டிருந்தன. கதவுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், ஆணியில் என் சீட்டு.

அதை எடுக்க வேண்டும் என்று நினைத்து நான் போகவில்லை. ஆனால் என் கை அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தது. இன்றைக்கும் என்னால் அதற்குமேல் விளக்கம் சொல்ல முடியாது.

"யாரு, காலேஜா?" அண்ணாச்சி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். "பாத்தீரா, கடலு சும்மா தகதகன்னு இருக்கு. பயலுவ கேக்கானுவ, படம் எப்ப வரும்னு..."

நான் வண்ணத் தாளை நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றில் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"நீலமால்லா இருக்கு" என்றார் மெதுவாக. உடனே திரும்பி ஆணியைப் பார்த்தார். வெறும் ஆணி.

"சீட்டு இங்கன இருந்திச்சே."

அவர் தரையைப் பார்த்தார். ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். டேபிளுக்கு அடியில் குனிந்தார். என்னையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி என் கால் இருந்த இடத்திலும் பார்த்தார். நான் தள்ளி நின்றேன்.

வாசலில் முதலாளியின் கார் நின்றது. மத்தியானம் வருவதாக இருந்தவர் முன்னதாகவே வந்து, ஆபீசில் கேட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் கயிறுகளைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அண்ணாச்சி, யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"சீட்டு குடுத்தாவ மொதலாளி. ஆணியில குத்தி வச்சிருந்தேன். இப்பக் காணல."

"எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே பாட்டுத்தானுங்க. காத்துல போயிருச்சு, எலி தின்னுருச்சு." என் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "ஏங் கண்ணு, நீ குடுத்தியா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவர் கேட்ட விதமே அந்தச் சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தது. படித்த பையன், வாய் அதிர்ந்து பேசாதவன். என் பேச்சை நம்புவாரா, கையெல்லாம் சாயம் படிந்த ஒரு வெளியூர்க்காரர் பேச்சை நம்புவாரா என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. அண்ணாச்சி என்னைச் சுட்டிக்காட்டவில்லை. என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்து, முழங்காலிட்டு உட்கார்ந்து, சாயம் துடைத்த கந்தல்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது கந்தலை அவர் உதறினார்.

பையிலிருந்து சீட்டை எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். வேர்வையில் ஊறியிருந்தது.

அவர் படித்தார். "ஆணியில இருந்தது உங்க பைக்கு எப்படிங்க வந்துச்சு?"

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூட ங்க போட்டுப் பேசுவார்கள். ஆனால் அவர் என்னைக் கண்ணு என்று சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான்தான் எடுத்தனுங்க. இப்பத்தானுங்க, வந்ததும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா புஸ்தகத்துல செவப்புதானுங்க. படக்காரங்கதான் மாத்திட்டாங்க."

"புஸ்தகம் எழுதுனவருங்களா நமக்கு ஆர்டர் குடுத்தாரு?" சீட்டை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். "நாளையிலிருந்து நீங்க ஆபீஸ்ல உக்கார வேண்டாமுங்க. பேக்கிங்ல நில்லுங்க." பிறகு அண்ணாச்சியிடம், "வேற துணி வெட்டி அனுப்பறனுங்க. நாலு நாளைல முடிப்பீங்களா?" என்றார்.

முடித்தார். லாரி தூத்துக்குடிக்குக் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அந்த நாலு நாளும் வெட்டிய பீஸ் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டவன் நான். கடைசி நாள் அண்ணாச்சி ஒருமுறை பேசினார். "கலர் தப்பாச் சொன்னதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. எல்லாவனும் தப்பாச் சொல்லுதான். நான் கீழ குனிஞ்சு தேடுதேன், நீரு பாத்துக்கிட்டு நிக்கீரு." காலேஜு என்று கூப்பிடவில்லை.

வீணான துண்டுகளை முதலாளி தைக்க வைத்து, உள்ளூரில் செகண்ட்ஸாக, பழுதுச் சரக்கு விலைக்குத் தள்ளிவிட்டார். அடுத்த மாதம் பார்த்தால் ஊரெல்லாம் சிவப்புக் கடல். டீ கலக்குபவர் நெஞ்சில், மூட்டை தூக்குபவர் நெஞ்சில், வெள்ளகோவில் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தவர் நெஞ்சில். ஒருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். படக்காரர்கள் மேல் இருந்த கோபத்தை மட்டும் விடவில்லை. அது ஒன்றுதான் எனக்குத் துணையாக இருந்தது.

பல மாதம் கழித்துப் படம் தமிழ் பேசி எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. போஸ்டரில் நீலக் கடல். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள், அச்சுக்குப் போகும் பீஸ்களை வாங்க அண்ணாச்சி பேக்கிங்குக்கு வந்தபோது, துணிந்து கேட்டேன். "ஞாயித்துக்கெழமை படத்துக்குப் போலாங்களா அண்ணாச்சி?"

"நீரு போயிட்டு வாரும். நான் பாத்துட்டேன்."

"எப்படிங்க இருந்துச்சு?" என்றேன்.

பீஸ் கட்டை ஒரு கையால் நிமிர்த்தி வைத்தார். "கடலு ஒரு எடத்துல செவப்பாத்தான் வருது" என்றார். "பொழுது சாயுத நேரம். ஒரே ஒரு சீனு. மத்ததெல்லாம் நீலந்தான்."

பிறகு பீஸை எண்ணச் சொன்னார். எண்ண ஆரம்பித்தேன். நான் படித்தது பல அத்தியாயங்களை வெட்டிய நூறு பக்கம்தான் என்று நினைத்ததும் பாதியில் விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எண்ணி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார்.